அமில மண்ணும் சோளச் செய்கையும்: செராடோ தரும் படிப்பினை

ஒரு நிலம் வளமற்றது எனப்படும்போது அதனை இயற்கை விதித்த முடிந்த முடிபாகவே நாம் பெரும்பாலும் கொள்கிறோம். பிரேசிலின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 20 கோடி ஹெக்டயரில் பரந்துள்ள செராடோ என்னும் சவன்னா நிலம், இக்கருத்தை நாம் மீளாய்வு செய்ய வேண்டும் என்பதைக் காட்டுகின்றது.

செராடோ மண்ணின் குறைகளுள் இரண்டு முதன்மையானவை. நெடுங்கால மழை கல்சியத்தையும் மகனீசியத்தையும் கழுவிச் சென்றமையால் மண் அமிலத்தன்மை அடைந்தது. பீ.எச். பெறுமானம் 5 இற்குக் கீழே இறங்கும்போது அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைத் தாக்குகின்றது. குறுகித் தடித்த வேர்கள் ஆழத்திலுள்ள நீரை எட்டமாட்டாமையால், மழை சில நாட்கள் பொய்த்தாலும் சோளம் வாடுகின்றது. மற்றைய குறை, மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் பொசுபரசை இறுகப் பற்றிக்கொள்வதாகும். சோள இளஞ்செடியின் இலைகள் ஊதா நிறங்கொள்வது பொசுபரசுக் குறைபாட்டின் அறிகுறியாகும்.

இவற்றுக்கான பரிகாரத்தில் ஒழுங்குமுறை முக்கியமானது. முதலில் சுண்ணாம்புக்கற்றூளை மண்ணுடன் கலக்க வேண்டும். அதிலுள்ள காபனேற்று அமிலத்தை நடுநிலையாக்கும். பீ.எச். 5.5 அளவை அடையும்போது அலுமினியத்தின் பெரும்பகுதி கரையாப் பொருளாக மாறிவிடும். தொலமைற்றுச் சுண்ணாம்பாயின் மகனீசியமும் கிடைக்கும். இது மெல்லவே தாக்கம் புரிவதால் விதைப்புக்குச் சில மாதங்கள் முன்னரே இடுதல் நன்று. அளவு மிஞ்சினால் நாகக் குறைபாடு தோன்றும். அடுத்து, மண்ணின் பற்றுந்திறனை ஓரளவு நிறைவுசெய்யும் வகையில் பொசுபேற்றுப் பசளையைப் பெருமளவில் ஒருமுறை பரவலாக இடுவர். பின்னர் ஆண்டுதோறும் சிறிதளவை விதை வரிசையையொட்டி இட்டாற் போதுமானது.

இம்முறை ஒருவரால் உருவானதன்று. 1950களில் கொலின் மெக்ளங் நடத்திய ஆய்வுகளும், 1973 இல் தோன்றிய எம்பிராப்பா நிறுவனத்தில் எட்சன் லொபாற்றோ ஆற்றிய பணியும், அலைசன் பவுலினெலி வகுத்த அரச கொள்கையும் அதற்கு அடிப்படையாயின. இம்மூவருக்கும் 2006 இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இப்பரிகாரத்தின் செலவிற் பெரும்பகுதி முதல் அறுவடைக்கு முன்னரே வந்து சேர்கின்றது. பலன் பல ஆண்டுகளிற் பரவிக் கிடைக்கின்றது. ஆகவே முதலும் கடனும் உள்ளவனே இதனைத் தொடங்க முடிகின்றது. 1970களில் பிரேசில் அரசு வழங்கிய மானியக் கடனின் பெரும்பங்கு பெருநிலவுடைமையாளரையே சென்றடைந்தது. செராடோவின் இயற்கைத் தாவரப் போர்வையிலும் ஏறத்தாழ அரைவாசி இன்று அழிந்துள்ளது.

சுண்ணாம்பின் தாக்கம் சிறு விவசாயியின் மண்ணிலும் பெருநிலவுடைமையாளரின் மண்ணிலும் ஒன்றே. அது எவருடைய மண்ணை வந்தடைகிறது என்பதை இரசாயனவியல் தீர்மானிப்பதில்லை. எனவே மண்வளத்தை ஆராயும் நாம், கடனையும் நிலவுடைமையையும் அவ்வாய்வுக்குப் புறம்பானவையாக ஒதுக்கிவிட முடியாது.