நேரடிச் சுழற்சி: பெல்ட் இல்லாத ஜப்பானிய டர்ன்டேபிள்

இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி உணரும் அதிர்வே ஒலியாக மாறுவதால், தட்டின் வேகம் சற்றுப் பிசகினாலும் பாட்டின் சுருதி பிசகிவிடும். அடியிலுள்ள மோட்டாரின் அதிர்வு தட்டுக்கு ஏறினால், அதுவும் 'ரம்பிள்' எனப்படும் தாழ்ந்த உறுமலாகப் பாட்டோடு கலந்து ஒலிக்கும்.

பழைய கருவிகளில் மோட்டார் தட்டைவிடப் பன்மடங்கு வேகமாகச் சுழல, அந்த வேகத்தை ரப்பர் சக்கரமோ பெல்ட்டோ குறைத்துத் தட்டுக்குக் கடத்தியது. சக்கரம் விசையோடு அதிர்வையும் கடத்தியது. பெல்ட் அதிர்வைத் தணித்தாலும் நாளடைவில் தளர்ந்தது. மேலும், அத்தகைய மோட்டார்கள் பலவற்றின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சார்ந்திருந்ததால், கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ் என இருவகை மின்சாரம் வழங்கப்படும் ஜப்பானில், வீடு மாறுவோர் மோட்டார் தண்டிலுள்ள கப்பியையும் மாற்ற வேண்டியிருந்தது.

மட்சுஷிதா நிறுவனம் டெக்னிக்ஸ் என்னும் பெயரில் 1970-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்பி-10, மோட்டாரின் தண்டையே தட்டின் அச்சாக்கி, இந்த இடைப்பொருள்களை அடியோடு நீக்கியது. 'டைரக்ட் டிரைவ்' எனப்படும் இம்முறையில் மோட்டாரும் நிமிடத்திற்கு 33⅓ முறையே, அதாவது 1.8 வினாடிக்கு ஒருமுறையே சுழல்வதால், அச்சுழற்சியின் அடிப்படை அதிர்வு மனிதச் செவியின் கீழெல்லையான 20 ஹெர்ட்ஸைவிட வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறது.

ஆயினும் மெதுவாகச் சுழலும் மோட்டார் சிறுசிறு வெட்டுகளாக நகர முனைவதால், அதன் வேகத்தை இடையறாது அளந்து திருத்தும் மின்னணுச் சுற்று இன்றியமையாததாயிற்று. டெனான் நிறுவனம், தட்டின் விளிம்பில் பதித்த காந்தக் குறிகளை டேப் ரெக்கார்டரில் உள்ளது போன்ற காந்தத் தலையால் படித்து வேகத்தை அளந்தது. 1975-இல் வந்த எஸ்பி-10 எம்கே2 வேகத்தைக் குவார்ட்ஸ் படிகத்தின் மாறாத துடிப்போடு ஒப்பிட்டுத் திருத்தி, 'வாவ் அண்ட் ஃபிளட்டர்' எனப்படும் வேகத் தடுமாற்றத்தை 0.025 சதவீதத்திற்குக் குறைத்தது. வீட்டுப் பயன்பாட்டுக்கென 1972-இல் வெளிவந்த எஸ்எல்-1200, 1979-இல் எம்கே2 வடிவம் பெற்றபின் நடன அரங்குகளையும் ஆட்கொண்டது.

இக்கருவிகளில் நைந்துபோக ரப்பர் சக்கரமோ பெல்ட்டோ இல்லை. அச்சுக்கு அவ்வப்போது சில துளி எண்ணெய் போதும். மாறாக, மூப்பு மின்னணுச் சுற்றில்தான் புலப்படும்: மின்தேக்கிகள் வறண்டுபோகின்றன, உற்பத்தி நின்றுபோன சில்லுகள் பழுதானால் மாற்று எளிதில் கிடைப்பதில்லை. ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கெனச் செய்யப்பட்டவை 100 வோல்ட்டில் இயங்குவதால், இந்தியாவின் 230 வோல்ட்டுக்குத் தக்க மின்மாற்றியும் தேவைப்படும்.

ஆகவே பழைய கருவியை வாங்குவோர் மரப்பெட்டியின் பளபளப்பைக் காட்டிலும் தட்டின் விளிம்பிலுள்ள புள்ளிகளையே கூர்ந்து நோக்க வேண்டும். சீராகத் துடிக்கும் சிறுவிளக்கின் ஒளியில், தட்டு சுழலும்போதும் அப்புள்ளிகள் அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றினால், சுற்று இன்னும் தன் கடமையைச் செய்கிறது என்று கொள்ளலாம்.