கோபுரமும் கணிப்பொறிக் கூடமும்

பகற்பொழுதில் காரியாலயங்கள் நிறைந்த வட்டாரத்தில் நெரிந்து கிடக்கும் செல்போன் உபயோகம் இரவானதும் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட, ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் உச்சவேளைக்கெனவே நிறுவப்பட்ட யந்திரங்கள் மற்ற வேளைகளில் போதிய வேலையின்றியே மின்சாரம் உண்டு, தம்மைக் குளிர்விக்க ஏர்கண்டிஷனரையும் வேண்டி நிற்கும் விரயத்தைக் கண்டுதான், சீனாவின் 'சைனா மொபைல்' நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2010-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை வெளியிட்டார்கள். அலைகளை வாங்கி அனுப்பும் ஆன்டெனாவும் அதன் ரேடியோப் பெட்டியும் கோபுரத்திலேயே இருக்கட்டும். அலைகளைப் பிரித்தறிந்து பிழை நீக்கி, எந்தக் கணத்தில் எவருக்கு இடமளிப்பது என்று நிர்ணயிக்கும் கணக்குகள் யாவும், பல கோபுரங்களுக்கும் பொதுவான ஒரு கணிப்பொறிக் கூடத்தில் நடக்கட்டும் என்பதே அதன் சாராம்சம். அண்டைக் கோபுரங்கள் ஒன்றன் அலைக்கு ஒன்று இடையூறு செய்யாதபடி ஒரே இடத்திலிருந்து நடத்தவும் இதனால் வழி பிறந்தது.

இத்தகைய பொதுக் கூடத்தைக் 'கிளவுட்' என்றதும், கணிப்பொறி எத்தனை தூரத்தில் இருந்தாலும் பாதகமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் நான்காம் தலைமுறை முறைப்படி, செல்போனிலிருந்து வந்த தகவல் பழுதின்றிச் சேர்ந்ததா என்பதற்கான பதில் நான்காவது மில்லிசெகண்டில் புறப்பட்டாக வேண்டும். அதில் பெரும்பகுதியைக் கணக்கே விழுங்கிவிட, கண்ணாடி இழையில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்டு வீதம் செல்லும் ஒளிக்கு எஞ்சுவது அற்பமே. ஆகையால் கூடம் ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்குள் அமைவது அவசியமாயிற்று.

இதனினும் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இரண்டு ஆன்டெனாக்களும் கொண்ட ஒரு 4ஜி நிலையம் ஜனங்களுக்கு வழங்கக்கூடியது, மிகுதியாக, செகண்டுக்கு 150 மெகாபிட். ஆனால் அலைகளின் வடிவத்தைச் சிறிதும் சுருக்காமல் எண்களாக்கிக் கூடத்துக்கு அனுப்பும் 'சிப்ரி' என்ற பழைய முறையில், அந்த நிலையத்துக்கு வேண்டியது 2,457.6 மெகாபிட்! ஊரெல்லாம் உறங்கும் நள்ளிரவிலும் இந்தப் பிரவாகம் குறையாது. ஆன்டெனாக்கள் பெருகப் பெருக அதுவும் பெருகும். 64 ஆன்டெனாக் கிளைகள் வரை கொண்ட ஐந்தாம் தலைமுறை நிலையத்துக்கு இம்முறை கட்டுப்படியாகாது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை நிபுணர்கள் அப்போது தளர்த்தியது மிகவும் விவேகமான காரியம் என்பது என் அபிப்பிராயம். 5ஜி-யின் முதல் விதிமுறைகளிலேயே, அவசரமான கணக்குகளைக் கோபுரத்துக்கு அருகிலுள்ள பகிர்வு அலகிலும், சில மில்லிசெகண்டு தாமதத்தைப் பொறுக்கக்கூடியவற்றைத் தொலைவிலுள்ள மைய அலகிலும் வைக்க இடம் தரப்பட்டது. ஆன்டெனாவிலிருந்து வரும் பிரவாகத்தைச் சுருக்க 'ஈ-சிப்ரி' என்ற புதிய முறை 2017-இல் வந்தது. 2020 ஏப்ரலில் ஜப்பானில் சேவையைத் தொடங்கிய ராக்குட்டன் மொபைல், இக்கணக்குகளைச் சாதாரண சர்வர்களில் ஓடும் மென்பொருளாலேயே செய்து காட்டிற்று.

இப்பிரிவினையின் நன்மை நகரங்களைவிடக் கிராமங்களுக்கே அதிகம் என்று எனக்குப் படுகிறது. பகிர்வு அலகைக் கோபுரத்தடியிலேயே வைத்துவிட்டால் மைய அலகுக்குச் செல்வது ஜனங்களின் தகவலளவேயாதலால், ஃபைபர் எட்டாத ஊரிலும் மைக்ரோவேவ் இணைப்பு ஒன்றே அதைச் சுமந்து செல்லும்.