துபாயில் தம்பி, வெம்பக்கோட்டையில் நிலம்: பவர் பத்திரம் வாங்குவது எப்படி?

"அப்பா காலமான பிறகு நாலு ஏக்கர் கரிசல் காடு எங்கள் மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. பாகம் பிரிக்க வேண்டும். கடைசித் தம்பி துபாயில் இருக்கிறான். சம்மதம் என்று அவன் வாட்ஸ்அப்பில் கடிதம் அனுப்பினால் போதுமா?" என்று வெம்பக்கோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

போதாது. பாகப்பிரிவினையைப் பதிவு செய்ய தம்பி நேரில் வர வேண்டும். இல்லையென்றால் அவர் சார்பில் கையெழுத்திட ஒருவருக்கு முறையான பவர் கொடுக்க வேண்டும். சொட்டுநீர் மானியத்துக்கு வருபவர்களிடம் பட்டாவில் உள்ள மற்ற பங்காளிகளைக் கேட்டால், ஒருவர் துபாய், ஒருவர் சிங்கப்பூர் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் இது பலருக்கும் உதவும்.

வெளிநாட்டில் இருப்பவர் தரும் பவர், அங்குள்ள நோட்டரி, நீதிமன்றம் அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்தாகி, அவருடைய சான்றும் பெற்றிருக்க வேண்டும் என்கிறது 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 33-வது பிரிவு. துபாயில் இருப்பவருக்கு இந்தியத் துணைத் தூதரகமே நல்ல வழி. அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போய், அதிகாரி முன்புதான் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகக் கூடாது. சிங்கப்பூரில் இருப்பவர், நோட்டரி சான்றின் மேல் 'அப்போஸ்டில்' முத்திரை பெற்றும் அனுப்பலாம். அந்த உடன்படிக்கையில் இந்தியா 2005-லும் சிங்கப்பூர் 2021-லும் சேர்ந்துவிட்டன.

கூரியரில் வந்த கையெழுத்துக்கு இங்கேயே நோட்டரி முத்திரை வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள். போட்டவர் துபாயில், முத்திரை சிவகாசியில் என்றால் அது நோட்டரி முன் போட்ட கையெழுத்தே அல்ல.

பத்திரம் ஊருக்கு வந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வந்த தேதிக்கு ஆதாரமாகக் கூரியர் உறையையும் பத்திரமாக வையுங்கள்.

வாசகம் எழுதுவதில்தான் அதிகக் கவனம் தேவை. பொதுப் பவர் வேண்டாம். இன்ன சர்வே எண், இன்ன உட்பிரிவு, பாகப்பிரிவினைக்கு மட்டும் என்று எழுதுங்கள். நம் பகுதியில் மானாவாரிக் காடுகளைப் பட்டாசு ஷெட்டுக்குக் கேட்டு வருபவர்கள் உண்டு. "விற்க, அடமானம் வைக்க, குத்தகைக்கு விட" என்று மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டால், மக்காச்சோளம் போட்ட காட்டில் ஷெட் எழும்பிய பிறகுதான் துபாய்க்காரருக்கே தெரியவரும். ஷெட் உள்குத்தகைக்குப் போய் விபத்தும் நடந்தால் விசாரணை பட்டாதாரர் வீடு வரை வரும். ஆகவே "விற்கவோ குத்தகைக்கு விடவோ அதிகாரம் இல்லை" என்று ஒரு வரி சேர்ப்பது தம்பிக்கும் நல்லது, அண்ணனுக்கும் நல்லது.

தம்பி பங்கை நீங்களே வாங்குவதாக இருந்தால், பணம் கொடுத்துப் பவர் வாங்கியதோடு நின்றுவிடாதீர்கள். பவரால் நிலம் கைமாறாது, கிரயம் பதிவாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரணப் பவரும் அன்றோடு முடிந்தது.

சர்வே எண்ணில் ஒரு எழுத்து பிசகினாலும் தம்பி மறுபடி லீவு போட்டுத் தூதரகத்துக்கு அலைய வேண்டும். இன்றைய பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் வைத்து இங்குள்ள பத்திர எழுத்தரிடம் வாசகத்தைத் தயார் செய்து அனுப்புங்கள்.

அவர் பொங்கலுக்கு ஊர் வருவதாக இருந்தால் பவரே தேவையில்லை. பத்திரத்தை முன்கூட்டியே எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனும் போட்டு வைத்துவிட்டால், மூவரும் ஒரே நாளில் கையெழுத்திட்டு முடிக்கலாம்.