சென்று மீளும் ஆய்வுக்கூடங்கள்

விண்வெளிக்கு அனுப்பப்படும் கருவிகள் இருவகைப்படும். கண்டறிந்தவற்றை வானொலி அலைகள் வாயிலாகத் தெரிவித்துவிட்டு விண்ணிலேயே தங்கிவிடுபவை ஒருவகை. பூமிக்குத் திரும்பினாலன்றிப் பயன் தராதவை மற்றொருவகை. விண்ணில் உருவான படிகம், எடையற்ற நிலையில் வளர்ந்த பயிர், கதிர்களின் சுவடு பதிந்த தகடு ஆகியன இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இவற்றைச் சுமந்து சென்று மீட்டுவரும் ஊர்தியாக அமெரிக்காவின் விண்வெளி ஓடம் 1981 முதல் 2011 வரை பயன்பட்டது.

ஓடத்தினுள் ஓர் ஆய்வுக்கூடம்

ஓடத்தின் சரக்கு அறை ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுடையது. அதனுள் பொருத்துவதற்கென ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 'ஸ்பேஸ்லேப்' என்னும் ஆய்வுக்கூடத்தை உருவாக்கியது. காற்றழுத்தம் நிரம்பிய உருளை வடிவ அறையில் விஞ்ஞானிகள் விண்வெளி உடையின்றிப் பணிபுரிந்தனர். வெற்றிடத்தில் இயங்க வேண்டிய கருவிகள் சரக்கு அறையிலேயே திறந்த மேடைகள்மீது பொருத்தப்பட்டன. இக்கூடம் 1983 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது.

இந்தியாவின் 'அனுராதா'

1985 ஏப்ரல் 29 அன்று புறப்பட்ட 'சாலஞ்சர்' ஓடம் ஸ்பேஸ்லேப்-3இன் கருவிகளைச் சுமந்து சென்றது. அவற்றுள் 'அனுராதா' இந்தியாவுடையது. தமிழில் அனுஷம் என வழங்கும் நட்சத்திரத்தின் பெயர் இது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுகுமார் பிஸ்வாஸ் தலைமையில், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானிகளும் இவ்வாய்வில் பங்கேற்றனர்.

காஸ்மிக் கதிர்த் துகள்கள் எத்தனை எலெக்ட்ரான்களை இழந்துள்ளன என்பதை அறிவதே ஆய்வின் நோக்கம். துகள் பிளாஸ்டிக் தகடுகளை ஊடுருவுகையில் கண்ணுக்குப் புலனாகாத சுவடு பதிகிறது. ஓர் அடுக்குத் தகடுகள் நிலையாக இருக்க, மற்றோர் அடுக்கு மெல்லச் சுழன்றது. இரு சுவடுகளுக்கிடையே காணும் விலகலிலிருந்து துகள் வந்த நேரம் தெரியும். நேரத்திலிருந்து ஓடம் அப்போது இருந்த இடமும், அவ்விடத்துக் காந்தப்புலத்தின் வலிமையும் தெரியும். மின்னூட்டம் மிகுந்த துகளை அப்புலம் எளிதில் விலக்கிவிடும். குறைந்ததே உள்ளே நுழையும். ஆகவே, எந்த இடத்தை எட்டியது என்பதைக் கொண்டு துகளின் மின்னூட்டம் கணிக்கப்படுகிறது.

மே 6ஆம் நாள் ஓடம் தரையிறங்கியது. அதன்பின் தகடுகளைக் காரக் கரைசலில் இட்டு அரித்தபோதுதான் சுவடுகள் நுண்நோக்கியில் தென்பட்டன. முரண் காஸ்மிக் கதிர்கள் எனப்படுபவற்றின் ஆக்சிஜன் அணுக்கள், தமக்குரிய எட்டு எலெக்ட்ரான்களில் ஒன்றையே பெரும்பாலும் இழந்துள்ளன என்ற கருத்துக்கு இவை சான்றளித்தன. கருவி மீளாதிருப்பின் இம்முடிவும் கிட்டியிராது.

மீட்கும் ஆற்றலின் தேவை

1986 ஜனவரி 28 அன்று அதே சாலஞ்சர் ஓடம் எழுவர் உயிருடன் அழிந்தது. 1988 செப்டம்பர் வரை ஓடங்கள் பறக்கவில்லை. ஓடத்தில் செல்லவிருந்த இன்சாட்-1சி செயற்கைக்கோள், 1988 ஜூலையில் ஐரோப்பாவின் ஏரியேன் ஏவூர்தியில் சென்றது. செயற்கைக்கோளுக்கு மாற்று ஏவூர்தி போதும். மீள வேண்டிய கருவிக்கோ மீட்கும் கலமும் வேண்டும்.

அத்திசையில் இந்தியாவின் முதல் வெற்றி ஸ்ரீஹரிகோட்டாவில் தொடங்கிற்று. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இத்தீவு, 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் இணைந்தது. 2007 ஜனவரி 10 அன்று இங்கிருந்து ஏவப்பட்ட 550 கிலோ எடையுள்ள மீட்புக்கலம், படிக ஆய்வுக்கான உலை முதலிய கருவிகளுடன் சுற்றிவந்து, ஜனவரி 22 அன்று வங்கக்கடலில் இறங்கி மீட்கப்பட்டது. வெப்பக் கவசம், பாராசூட், கடல் மீட்பு ஆகிய மூன்றும் அதில் தேர்வு பெற்றன. 2016 மே 23 அன்று சிறகுடைய மறுபயன்பாட்டு ஏவூர்தியின் சோதனை வடிவமும் இங்கிருந்தே பறந்தது.

2025 ஜூன் மாதத்தில் சுபான்ஷு சுக்லா அமெரிக்க 'டிராகன்' கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்றபோது, ஏழு இந்திய ஆய்வுகள் அவர் பொறுப்பில் இருந்தன. அனுராதாவுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஆய்வு இந்தியாவுடையது, ஊர்தி பிறருடையது. சிந்தனையையும் கருவியையும் உருவாக்கும் நாடு, அவற்றின் பயனைத் தன் கரைக்கே கொண்டுவரும் ஆற்றலையும் பெறும்போதுதான் விண்வெளி ஆராய்ச்சியில் தற்சார்பு முழுமையடையும்.