மேல்மாடி றேடியேற்றரைக் கழற்றுமுன்

இலண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி முதலிய பகுதிகளில் வியாபாரம் செய்யும் நம்மவர் பலர் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கிறோம். குளிர்காலத்துக்கு முன்னர் வீட்டு றேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்து பெயின்ற் அடிக்க நினைப்போர் ஒன்றை மனதிற் கொள்ளவேண்டும். மேலே சிந்தும் நீர் கீழே நம் அரிசி மூட்டையில்தான் இறங்கும். அது இரும்புத் துரு கலந்து கறுத்த நீர். கம்பளத்திலோ சாக்கிலோ பட்டால் கறை இலேசில் போகாது.

முதலில், கழற்றுவது அவசியமா என்று பார்ப்போம். தூசிக்கு நீண்ட தூரிகையே போதும். மேற்பகுதி குளிர்ந்து கீழ்ப்பகுதி சுட்டால் உள்ளே காற்று நிற்கிறது. அதை வெளியேற்றினால் சரியாகும். மேலே சுட்டு, கீழே நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் அடியில் சேறு படிந்திருக்கலாம். அப்போதும், பின்சுவருக்குப் பெயின்ற் அடிக்கும்போதும் கழற்றலாம். வாடகைக் கட்டடமானால் உரிமையாளரின் சம்மதம் பெறுவது நல்லது.

பொயிலரை நிறுத்தி றேடியேற்றரை நன்றாக ஆறவிடவேண்டும். அதற்கு இரு பக்கமும் வால்வு உண்டு. இரண்டையும் மூடவேண்டும். இலக்கமிட்ட தானியங்கி வால்வைப் பூச்சியத்தில் வைத்தால் மட்டும் போதாது. அறை மிகவும் குளிர்ந்தால் அது தானாகத் திறந்துகொள்ளும். தலைப்பகுதியைக் கழற்றி, அதற்குரிய மூடியை இறுக்கிப் பூட்டவேண்டும். மற்ற வால்வை வலப்பக்கமாகத் திருப்பி மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்வோம். வீடு முழுவதும் சூடு சமமாகப் பரவ அந்தக் கணக்கு தேவை.

அடியில் பழந்துணியும் தட்டமும் வைத்து, ஒரு ஸ்பானரால் வால்வை அசையாமற் பிடித்து, மற்றதால் இணைப்பு நட்டை மெல்ல இளக்கவேண்டும். மேலுள்ள காற்றுத் திருகைத் திறந்தால் நீர் சீராக இறங்கும். நிறுத்தாமல் தொடர்ந்து பீறிட்டால் வால்வு மூடவில்லை என்று பொருள். உடனே நட்டை இறுக்கி, பிளம்பரை அழைப்பதே புத்தி. நீர் வடிந்தபின் இருவர் சேர்ந்து தாங்கியிலிருந்து தூக்கவேண்டும். திறந்த வாய்களைத் துணியால் அடைத்தால் எஞ்சிய கறுப்பு நீர் வழியில் கொட்டாது. சுவரில் நிற்கும் வால்வுகளுக்கும் மூடிநட்டுப் போடுவது பாதுகாப்பு.

வெளியே வைத்து, தெளிந்த நீர் வரும்வரை குழாயால் உட்புறத்தைக் கழுவவேண்டும். பின்னர் நன்கு காயவிட்டு, மென்மையான உரத்தாளால் தேய்த்து, துருப்பட்ட இடத்துக்கு உலோகப் பிரைமரும் அதன்மேல் றேடியேற்றர் எனாமலும் பூசலாம். வால்விலும் நட்டிலும் பெயின்ற் படலாகாது. மிகப் பழைய றேடியேற்றரானால் உலரத் தேய்க்கக் கூடாது. ஈயம் கலந்த பெயின்ற் பிரித்தானியாவில் பொதுவிற்பனைக்கு 1992இல்தான் தடைசெய்யப்பட்டது. அதன் தூள் குழந்தைகளுக்குக் கேடு.

மாட்டும்போது திருகுமரைகளில் வெள்ளை நாடாவைச் சுற்றி, நட்டுகளை இறுக்கி, வால்வுகளைக் குறித்த சுற்றுக் கணக்குப்படியே திறக்கவேண்டும். காற்றை வெளியேற்றியபின் அடைத்த முறைப் பொயிலரின் அழுத்தமானியைப் பார்ப்போம். குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் வரை இருக்கவேண்டும். குறைந்தால் நீர் சேர்க்கவும். துருத்தடுப்பு மருந்தையும் குறைந்த அளவுக்கேற்ப ஈடுசெய்யவேண்டும். பொயிலரின் மூடியைத் திறக்கும் வேலை மட்டும் காஸ் சேவ் பதிவு பெற்றவருக்கே உரியது.

வேலை முடிந்தபின் ஓரிரு நாள் நட்டுகளின் அடியில் வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து வைப்போம். சிறு ஈரம் இருந்தாலும் தெரிந்துவிடும். அதுவரை நேர் கீழே உள்ள சரக்கை ஒருபுறம் ஒதுக்கி வைப்பதில் நமக்கு நட்டமில்லை.