வேனில் ஐந்து இருக்கை

அமெரிக்கக் கல்லூரி கோல்ஃப் அணி ஒன்றில் பொதுவாக எட்டு, ஒன்பது பேர் இருப்பார்கள். போட்டிக்குக் கிளம்பும்போது வேனில் ஐந்து பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் விடுதியில் தங்கி, கைபேசியில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஐந்து பெயர்களை முடிவு செய்பவர் அணியின் தலைமைப் பயிற்சியாளர். மாணவர்கள் வாயில் அவர் வெறும் 'கோச்'.

கோல்ஃப் தனியாள் ஆட்டம். பந்து அசையாமல் கிடக்கும், எதிரே தடுக்க யாரும் இல்லை, தவறு முழுக்க ஆடுபவருடையதே. அதைக் கல்லூரிகள் ஓர் எளிய கணக்கால் அணி ஆட்டமாக்கின. ஐந்து பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த அடிகளில் முடித்த நான்கு பேரின் எண்ணிக்கை மட்டும் அணிக்குச் சேரும். ஐந்தாவது எண் கழிந்துபோகும். ஆனால் கழியப்போவது யாருடைய எண் என்பது கடைசி ஆள் கடைசிக் குழியில் பந்தைப் போடும்வரை தெரியாது. அதனால் பத்தாவது குழியிலேயே ஆட்டம் கைவிட்டுப் போன பையன்கூட மிச்சம் எட்டுக் குழிகளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடியாக வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவனை இன்னும் இரண்டு மணி நேரம் கவனத்தோடு ஆட வைப்பதுதான் இந்தத் தொழிலின் மையம் என்று தோன்றுகிறது.

'கோச்' என்றதும் மட்டையைப் பிடிக்கச் சொல்லித் தருபவர் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே அது சின்னப் பங்கு. முதல் வரிசைக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்களில் பலர் சிறு வயது முதலே ஊரில் சொந்த ஆசிரியரிடம் ஆட்டம் கற்றவர்கள். அவர்களுடைய அடிக்கும் முறையில் கை வைக்க நல்ல கோச் தயங்குவார். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவ் வில்லியம்ஸ் இதற்குப் பெரிய சாட்சி. அவர் அங்கே பொறியியல் கற்பித்தவர். 1950களின் தொடக்கத்தில் கோல்ஃப் அணி அவர் பொறுப்பில் வந்தது. 1956 முதல் 1985 வரை அவருடைய அணிகள் 16 முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்றன. இன்றுவரை முதல் வரிசைக் கல்லூரிகளில் வேறு எந்தக் கோச்சும் அந்த எண்ணை எட்டவில்லை. பிற்காலத்தில் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற ஃப்ரெட் கப்பிள்ஸ் அவரிடம் ஆடியவர். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆண்கள் அணிக் கோச்சுக்குத் தரும் விருது இன்று டேவ் வில்லியம்ஸ் பெயரில்தான் இருக்கிறது.

ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக் ஹோல்டர் வேறு வகை. படித்த கல்லூரியின் அணியையே 1973இல் ஏற்றுக்கொண்டு 2005 வரை நடத்தியவர். எட்டுத் தேசியப் பட்டங்கள். அணிக்குச் சொந்தமாக உலகத்தரமான மைதானம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் நன்கொடையாளர்களின் கதவைத் தட்டினார். 1994இல் கார்ஸ்டன் கிரீக் திறந்தது. பிங் மட்டைகளை உருவாக்கிய கார்ஸ்டன் சோல்ஹைமின் பெயர் அதற்கு. நிதி திரட்டுவதும் கோச்சின் வேலையா என்று கேட்டால், ஆம், பெரிய வேலை. கால்பந்தைப் போல டிக்கெட் விற்றுக் காசு பார்க்கும் ஆட்டம் இல்லை இது. விமான டிக்கெட், ஓட்டல், பயிற்சிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் பழைய மாணவர்களின் மனம் இளக வேண்டும்.

பெண்கள் பக்கம் கதை தாமதமாகத் தொடங்கியது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே பெண்கள் அணிகள் பெருகின. அரிசோனா ஸ்டேட்டின் லிண்டா வோல்ஸ்டெட் 1990களில் மட்டும் ஆறு தேசியப் பட்டங்கள் வென்று காட்டினார். டியூக் பல்கலைக்கழகத்தில் 1984இல் பொறுப்பேற்ற டான் புரூக்ஸுக்கு ஏழு.

இத்தனை பேரில் கேசி மார்ட்டினின் வாழ்க்கையைத்தான் நின்று பார்க்க வேண்டும். அவர் ஒரேகான் மாநிலத்தின் யூஜீன் நகரத்தில் 1972இல் பிறந்தவர். பிறவியிலேயே வலது காலில் ரத்த நாளக் கோளாறு. காலுக்குப் போகும் ரத்தம் சரியாக இதயத்துக்குத் திரும்பாது. கால் வீங்கும், வலிக்கும். எலும்பு மெலிந்துகொண்டே வரும். இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு அந்தக் காலோடுதான் ஆடி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்தார். 1994இல் அணி தேசிய சாம்பியன் ஆனது. அந்த இலையுதிர் காலத்தில் டைகர் வுட்ஸ் என்ற புது மாணவரும் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு இறுதியில் ஸ்டான்ஃபோர்டும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் சம அடிகளில் முடிக்க, கூடுதல் குழி ஆடித்தான் பட்டம் தீர்ந்தது. வென்றது ஹோல்டரின் அணி.

கல்லூரிப் போட்டிகளில் பை சுமக்கும் கேடி கிடையாது. அன்று பையைத் தானே சுமந்து, 18 குழிகளையும் நடந்தே முடிக்க வேண்டியிருந்தது. ஒரே நாளில் 36 குழிகள் ஆடவைப்பதும் உண்டு. கடைசி ஆண்டுகளில் மார்ட்டினால் 18 குழிகளுக்கே நடக்க முடியவில்லை. ஸ்டான்ஃபோர்ட் விதிவிலக்குக் கேட்டது. கல்லூரி விளையாட்டு அமைப்புகள் தந்தன. அவர் கோல்ஃப் வண்டியில் போய் ஆடினார். வழக்கு இல்லை, வாதம் இல்லை.

தொழில்முறை ஆட்டத்துக்குப் போனபோது கதவு சாத்தப்பட்டது. நடப்பது ஆட்டத்தின் அடிப்படை, களைப்பும் போட்டியின் பகுதி என்றது தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர். 1997இல் மார்ட்டின் வழக்குத் தொடுத்தார். யூஜீன் நகரத்து நீதிமன்றத்திலேயே விசாரணை நடந்தது. ஒரு சுற்றுக்கு ஐந்து மைல் தூரம். அதை ஐந்து மணி நேரத்தில், இடையிடையே நின்று நின்று நடப்பதில் சுமார் 500 கலோரிதான் செலவாகும், ஒரு பெரிய பர்கரின் சத்தைவிடக் குறைவு என்று உடலியல் பேராசிரியர் ஒருவர் சாட்சி சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001 மே 29 அன்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு மார்ட்டின் பக்கம். மாற்றுத்திறனாளிகள் சட்டம் விளையாட்டுக் களத்துக்குள்ளும் செல்லும் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனால் வழக்கில் வென்றதும் கால் குணமாகிவிடவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் அவரால் நிலைக்க முடியவில்லை.

2006இல் சொந்த ஊரின் ஒரேகான் பல்கலைக்கழகம் அவரை ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. அவருக்கு முப்பத்து நான்கு வயதாகும் ஆண்டு அது. தோற்றவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் வேலை என்று அதைச் சிலர் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வோர் அடியிலும் வலியை எண்ணி ஆடியவருக்கு, ஆட்டம் கைநழுவும் பையனிடம் பேசத் தெரியாமலா போகும்?

கோச்சின் ஆண்டு எப்படிப் போகும்? செப்டம்பரிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஒரு பருவம். பிப்ரவரியிலிருந்து மே வரை இன்னொன்று. பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது விதி. வகுப்பும் மதிப்பெண்ணும் சரிந்தால் மாணவர் ஆட முடியாது என்பதால் அதையும் கண்காணிக்க வேண்டும். போட்டி தோறும் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க அணிக்குள்ளேயே தகுதிச் சுற்றுகள் நடக்கும். நண்பனைத் தோற்கடித்துத்தான் வேனில் ஏற முடியும். போட்டி நாளில் கோச் ஒருவர் பின்னால் ஒருவராக ஐவரையும் பார்க்க அலைவார். அடிக்கும் முன் காற்று, தூரம், எந்த மட்டை என்று ஆலோசனை சொல்ல விதி இடம் தருகிறது. யாரிடம் பேச வேண்டும், யாரிடம் பேசாமல் நிற்க வேண்டும் என்பதைப் பிடித்துக்கொள்ள ஆண்டுகள் ஆகும்.

கோடைக்காலம் ஓய்வுக்கு இல்லை, ஆள் தேடுவதற்கு. சிறுவர் போட்டிகளின் கயிற்றுக்கு அப்பால் நின்று பள்ளி மாணவர்களின் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை அவர்களோடு நேரடியாகப் பேசக்கூடாது என்பதால், கண்தான் கருவி. நல்ல அடியை எல்லோரும் பார்த்துவிடலாம். பந்து குளத்தில் விழுந்த பிறகு அந்தப் பையன் நடக்கும் நடையைப் பார்ப்பதில்தான் கோச்சின் கூர்மை தெரியும். இப்படிப் பார்க்கப் போன ஓர் இடத்தில், 2013இல், பார்வையாளருக்கு வண்டி இல்லை என்று மார்ட்டினை இறங்கச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்க கோல்ஃப் சங்கம் பிறகு மன்னிப்புக் கேட்டது.

தேடல் கடல் தாண்டியும் போகும். நம் ஜீவ் மில்கா சிங் டெக்ஸஸின் அபிலீன் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 1993இல் இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளின் தனிநபர் பட்டத்தை வென்றவர். உதவித்தொகைக் கணக்கு மட்டும் கோச்சுகளின் தலைவலியாகவே இருந்துவந்தது. முதல் பிரிவு ஆண்கள் அணிக்கு நான்கரை ஆளுக்கான முழு உதவித்தொகைதான் அனுமதிக்கப்பட்டது. பெண்கள் அணிக்கு ஆறு. நான்கரையை ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்து, ஒருவருக்குக் கால் பங்கு, இன்னொருவருக்குப் பாதி என்று பெற்றோரிடம் பேரம் பேச வேண்டியிருந்தது.

2016இல் தேசிய இறுதிப் போட்டி யூஜீன் கன்ட்ரி கிளப்புக்கு வந்தது. மார்ட்டினின் அணிக்கு வீட்டுத் திண்ணை போன்ற இடம். 2009இலிருந்தே போட்டி முறை மாறியிருந்தது: பல சுற்றுகள் ஆடி முதல் எட்டு இடங்களில் வரும் அணிகள், அதன்பின் ஐந்துக்கு ஐந்து நேருக்கு நேர் மோதும், மூன்று ஆட்டங்கள் வென்ற அணி முன்னேறும். தனிநபர் பட்டத்தை ஒரேகானின் ஏரன் வைஸ் வென்றார். அணிக்கான இறுதியில் எதிரே டெக்ஸஸ். இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. மிச்சமிருந்த ஒரே ஆட்டத்தில் ஒரேகானுக்காக ஆடியவர் அதே யூஜீன் நகரத்துப் பையன் சுல்மான் ராசா. பதினெட்டுக் குழிகளில் முடியவில்லை. கூடுதலாக மூன்றாவது குழியில், மொத்தக் கணக்கில் 21ஆவதில், ராசா குழிக்குரிய கணக்கைவிட ஓர் அடி குறைவாக, 'பேர்டி' போட்டு வென்றார். ஒரேகானின் ஆண்கள் கோல்ஃப் அணிக்கு முதல் தேசியப் பட்டம். நகரமே கயிற்றோரம் நின்று பார்த்தது.

அடுத்த ஆண்டும் இறுதிவரை வந்து ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திடம் தோற்றார்கள்.

2019இல் மார்ட்டினின் வலது கால் எலும்பு முறிந்தது. ஆறவே இல்லை. சிறுவயது முதல் அவர் அஞ்சிவந்த முடிவு 2021 அக்டோபரில் வந்தது: காலை எடுத்தார்கள். பொய்க்கால் பொருத்திக்கொண்டு அதே பொறுப்புக்குத் திரும்பினார்.

தொழிலும் அவர் கண்முன்னேயே மாறிக்கொண்டிருக்கிறது. 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் ஈட்டலாம். கல்லூரி மாறுவதும் சுலபமாகிவிட்டது. நான்கு ஆண்டு வளர்க்கலாம் என்று எடுத்த பையன் இரண்டாம் ஆண்டிலேயே வேறு கொடியின்கீழ் நிற்கக்கூடும். 2024 ஆகஸ்டில் ஒரேகான் 'பிக் டென்' குழுமத்தில் சேர்ந்தது. பசிபிக் கரை மாநிலத்தில் இருக்கும் கல்லூரியின் போட்டிக் குழுமம் அட்லாண்டிக் கரைவரை நீண்டுவிட்டது. 2025இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் நான்கரைக் கணக்கு ஒழிந்தது. அணியில் ஒன்பது பேர் வரை இருக்கலாம், கல்லூரியால் முடிந்தால் ஒன்பது பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். வேனில் ஏறுவது இன்னமும் ஐந்து பேர்.