சிகோ ஆத்துல ராஃப்டிங்: தபுக் போறவங்க எங்க மிச்சம் பிடிக்கலாம், எங்க கூடாது

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தா பிலிப்பைன்ஸுக்கு விசா இல்லாம 14 நாள் வரைக்கும் போகலாம்னு 2025 ஜூன்ல நடைமுறைக்கு வந்துச்சு. அதுல இருந்து இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற பேரு மூணு: போரகாய், பாலவான், செபு. மூணுமே கடல். அழகான இடங்கதான், இல்லைன்னு சொல்லல. ஆனா பட்ஜெட் கம்மி, கொஞ்சம் வேற மாதிரி அனுபவம் வேணும்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்ற ஊர் பேரு தபுக். அங்க கடல் கிடையாது. ஒரு ஆறு இருக்கு, பேரு சிகோ. இந்த எபிசோட் முழுக்க அந்த ஆத்தைப் பத்திதான்.

முதல்ல ஊர் எங்க இருக்குன்னு பாத்துடலாம். மணிலா இருக்கற அதே லூசோன் தீவோட வடக்குப் பக்கத்துல கோர்டில்லெரா மலைத்தொடர் இருக்கு. அதுல கலிங்கா ஒரு மாகாணம், அதோட தலைநகரம் தபுக். 2020 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை சுமார் 1.2 லட்சம். மலை முடிஞ்சு சமவெளி ஆரம்பிக்கற இடம்ங்கறதால சுத்தியும் நெல் வயல். கோர்டில்லெராவோட நெற்களஞ்சியம்னே சொல்வாங்க. இந்த ஊர் 2007-ல சிட்டி ஆச்சு. 2008-ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிச்சு. 2009-ல செல்லும்னு சொல்லிச்சு. 2010-ல மறுபடி செல்லாது. 2011-ல கடைசியா செல்லும். நம்ம டீம்ல ஒரு கோட் சேஞ்ச் இத்தனை தடவை ரிவர்ட் ஆயிருந்தா மேனேஜர் தனியா ஒரு மீட்டிங்கே போட்டிருப்பார்.

போறது எப்படி? சென்னையில இருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் இந்த மூணுல ஒண்ணு வழியா மணிலா. மொத்த பட்ஜெட்ல பெரிய துண்டு இந்த ஃப்ளைட்தான், அதனால தேதியை டிக்கெட் விலை பாத்து முடிவு பண்ணுங்க. மணிலாவுல இருந்து தபுக்குக்கு நேரடி ராத்திரி பஸ் இருக்கு, பத்துப் பன்னெண்டு மணி நேரம் ஆகும். ஒரு ராத்திரி ரூம் வாடகையும் மிச்சம். ஒரே எச்சரிக்கை, ஏசியை அந்த பஸ்கள்ல ரொம்ப தாராளமா வைப்பாங்க, ஸ்வெட்டரை லக்கேஜ்ல போடாம கையில வச்சுக்கோங்க. பஸ் வேண்டாம்னா துகேகராவ் வரைக்கும் ஃப்ளைட், அங்க இருந்து வேன். தபுக் சென்ட்ரோவுக்கு உள்ளூர்ல தகுபான்னு பேர். வடமேற்கு லூசோன்ல அதே பேர்ல ஒரு பெரிய சிட்டியும் இருக்கு. டிக்கெட் வாங்கும்போது 'தபுக், கலிங்கா'ன்னு தெளிவா சொல்லுங்க.

ஒரு பேசோ நம்ம காசுக்கு சுமார் ஒன்றரை ரூபா. சின்ன லாட்ஜ்ல ரூம், கரிண்டேரியான்னு சொல்ற ரோட்டோர மெஸ்ல சாப்பாடு, ஊருக்குள்ள ட்ரைசைக்கிள், இதெல்லாம் நம்ம ஊர் சின்ன டவுன் விலைக்கு ரொம்ப தூரம் இல்ல. கரிண்டேரியால பாத்திரத்தைத் திறந்து காட்டுவாங்க, கை காட்டினா போதும், சோறு கட்டாயம் உண்டு. சைவம்னா மட்டும் கஷ்டம். காய்கறி மாதிரி தெரியற பினாக்பெட்லயும் மீன் ஊறல் கலந்திருக்கும். முட்டை, சோறு, வாழைப்பழம்னு சமாளிக்கணும். காபி விஷயத்துல கவலையே வேணாம். கலிங்கா காபி விளையற மண், வீட்டுக்கு யார் போனாலும் முதல்ல வர்றது ஒரு கப் காபி. கும்பகோணம் டிகிரி காபி ரசிகர்கள் கொஞ்சம் திறந்த மனசோட போகணும், அது பால் இல்லாத கறுப்புக் காபி. நான் அதுக்கு ஃபேன்.

சரி, ஆறு. சிகோ 2000 மீட்டருக்கு மேல உயரமான மவுண்ட் டேட்டா பக்கத்துல பொறந்து, போன்டோக், டிங்லாயன் வழியா இறங்கி, தபுக்கைத் தொட்டு, கடைசியா நாட்டோட மிக நீளமான ஆறான ககயான்ல கலக்குது. ஸ்பானிஷ்ல சிகோன்னா சின்னது. பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க. மொத்த நீளம் சுமார் 175 கிலோமீட்டர்தான், அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ள அவ்வளவு உயரமும் இறங்கியாகணும். குறுகலான பள்ளத்தாக்கு, செங்குத்தான சரிவு, மலையில இருந்து உருண்டு வந்த பாறைகள். ராஃப்டிங்குக்கு வேண்டிய மூணும் ஒரே இடத்துல.

ராஃப்ட்ல உக்காந்தா தண்ணி கண்டபடி கொந்தளிக்கற மாதிரிதான் தெரியும். கைடு கண்ணுக்கு அது எழுத்து மாதிரி, படிச்சுட்டே போவார். ரெண்டு பாறைக்கு நடுவுல தண்ணி குவிஞ்சு போகும்போது, முனை நம்மளை விட்டு விலகி கீழ்ப்பக்கம் காட்டற மாதிரி ஒரு 'வி' வடிவம் வரும். அது வழி. முனை நம்ம பக்கம் திரும்பியிருந்தா, அங்க தண்ணிக்கு அடியில பாறை இருக்கு, விலகிப் போகணும். பெரிய பாறை மேல ஏறி விழற தண்ணி அடியில சுருண்டு, மேற்பரப்புல பின்னோக்கி ஓடி வரும். அந்த இடம் ராஃப்டையே பிடிச்சு நிறுத்தி வச்சுக்கும், வெளிய விழுந்த ஆளையும் உள்ளேயே சுத்த வைக்கும். வெள்ளை நுரை அழகா இருக்குன்னு நாம போட்டோ எடுக்கற இடமும் பல நேரம் அதேதான்.

இன்னொரு கணக்கு. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா, அது நம்ம உடம்பு மேல தள்ளற விசை நாலு மடங்காகும். அதனால முட்டியளவு தண்ணிதானேன்னு ஓடற ஆத்துல எழுந்து நிக்கவே கூடாது. கால் பாறை இடுக்குல மாட்டுச்சுன்னா பின்னாடி வர்ற தண்ணி ஆளைக் குப்புறத் தள்ளி அப்படியே அழுத்திடும். விழுந்துட்டீங்கன்னா மல்லாந்து, கால் ரெண்டையும் தூக்கி கீழ்ப்பக்கமா நீட்டி மிதக்கணும். பாறை வந்தா கால்ல பட்டும், தலையில படாது. துடுப்போட மேல் நுனியில குறுக்கா ஒரு பிடி இருக்கும், அதை எந்த நேரத்துலயும் கையை விட்டு எடுக்காதீங்க. ராஃப்டிங்ல பல்லு போறதுக்குப் பெரும்பாலும் பக்கத்துல உக்காந்திருக்கற நண்பனோட துடுப்புதான் காரணம்.

ரேப்பிட்ஸை உலகம் முழுக்க 1 முதல் 6 வரை கிரேடு பண்றாங்க. 1 சும்மா மிதக்கறது, 6 உயிரைப் பணயம் வைக்கறது. தபுக் பக்கம் முதல் தடவை போறவங்களைப் பெரும்பாலும் 2, 3 இருக்கற பகுதிக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. மேல போகப் போக கடினம் கூடும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, இந்த நம்பர் ஆத்துக்கு நிரந்தரமா ஒட்டின ஸ்டிக்கர் இல்ல. தண்ணி ஒரு மீட்டர் ஏறினா நேத்து 3-ஆ இருந்த இடம் இன்னைக்கு 4. இணையத்துல படிச்ச ரிவ்யூ எழுதினவர் எந்த மாசம், எந்த மட்டத்துல போனார்னு தெரியாம அதை நம்பறதுல அர்த்தமே இல்ல.

சீசன்லயும் ஒரு சிக்கல் இருக்கு. தண்ணி நல்லா இருக்கறது மழைக்காலத்துலயும் அதை ஒட்டின மாசங்கள்லயும்தான். மார்ச்ல இருந்து மே வரைக்கும் ஆறு மெலிஞ்சுடும். ஆனா மழைக்காலம்னா புயல், புயல்னா மலைச்சாலைல மண்சரிவு. ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் வடக்கு லூசோனைப் புயல் மாத்தி மாத்தி அடிக்கும். நான் சொல்றது நவம்பர் கடைசில இருந்து ஜனவரி வரைக்கும். அப்பவும் மணிலா ரிட்டர்ன் ஃப்ளைட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் சும்மா விடுங்க. அந்த ரெண்டு நாள் வாடகை, புது டிக்கெட் விலையில கால்வாசி கூட வராது.

இப்ப காசு விஷயம். ராஃப்டிங்ல செலவு ஆளுக்கு இவ்வளவுன்னு வளர்றது இல்ல. ராஃப்ட், கைடு, கூடவே வர்ற பாதுகாப்புப் படகு, மேல கொண்டு போய் விட்டு கீழ வந்து ஏத்திக்கற ஜீப், இதெல்லாம் ரெண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் கிட்டத்தட்ட அதே செலவு. அதனால தனியா போறவங்களுக்கு விலை எகிறும். மிச்சம் பிடிக்கணும்னா ஆள் சேருங்க. வார இறுதியில மணிலாவுல இருந்து வர்ற குரூப்போட சேத்துவிட முடியுமான்னு முன்கூட்டியே கேளுங்க.

பேரம் பேசி விலையைக் குறைச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஜீப் டீசல் குறையாது. ராஃப்ட் தேய்மானம் குறையாது. குறையற ஒண்ணு ஆள். பாதுகாப்புக்குன்னு கூட வர்ற கயாக்காரரை நிறுத்திடுவாங்க, இல்ல ஆறு பேருக்கான ராஃப்ட்ல எட்டு பேரை ஏத்துவாங்க. அதனால விலையைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி கேள்வியைக் கேளுங்க. ஹெல்மெட் தலையில இறுக்கமா நிக்குதா, லைஃப் ஜாக்கெட்டைத் தோள்ல பிடிச்சுத் தூக்கினா காது வரைக்கும் ஏறுதா, தூக்கி எறியற மீட்புக் கயிறு யார்கிட்ட இருக்கு, இன்னைக்கு தண்ணி மட்டம் எப்படி, எந்த மட்டத்துக்கு மேல போனா ட்ரிப்பை ரத்து பண்ணுவீங்க. கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்ற ஆளோட தைரியமா போகலாம். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னா காபி குடிச்சுட்டு ரூமுக்குத் திரும்பிடுங்க. ட்ராவல் இன்சூரன்ஸ்லயும் ராஃப்டிங் எந்த கிரேடு வரைக்கும் கவராகுதுன்னு விதிவிலக்கு பக்கத்துல இருக்கும். சட்டுனு கண்ணுக்குப் படாது, தேடிப் படிங்க.

இன்னொரு விஷயம். இந்த ஆறு இன்னைக்கு இப்படி ஓடறதே சாதாரணமா நடந்தது இல்ல. 1970-கள்ல, மார்கோஸ் ராணுவச் சட்ட ஆட்சி நடந்தப்ப, சிகோ மேல நாலு அணை கட்டத் திட்டம் போட்டாங்க. 1010 மெகாவாட் மின்சாரம், உலக வங்கி பணம். கலிங்கா, போன்டோக் மக்களோட கிராமம், படிவயல், முன்னோர்களைப் புதைச்ச இடம் எல்லாம் மூழ்கணும். இவங்கள்ல ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் பழைய பகை நிறைய. அதைத் தீக்கறதுக்கு போடோங்னு ஒரு சமாதான ஒப்பந்த முறை தலைமுறை தலைமுறையா இருக்கு. 1975-ல அந்த முறையையே விரிச்சு, அணைக்கு எதிரா எல்லாரும் ஒரே ஒப்பந்தத்துக்குள்ள வந்தாங்க. சர்வே பண்ண வந்தவங்களோட கூடாரத்தைப் பெண்கள் கூட்டமா போய்ப் பிரிச்சுப் போட்டாங்க.

அந்தப் போராட்டத்தோட முக்கியமான குரல் மக்லீ-இங் துலாக், டிங்லாயன் பக்கத்துல புக்னாய் கிராமத்துப் பெரியவர். 1980 ஏப்ரல் 24 ராத்திரி ராணுவத்தினர் அவரை அவர் வீட்லயே சுட்டுக் கொன்னாங்க. எதிர்ப்பு அடங்கும்னு நினைச்சாங்க, நேர்மாறா பெருசாச்சு. உலக வங்கி விலகிச்சு, நாலு அணைத் திட்டம் கைவிடப்பட்டுச்சு. பழங்குடி மக்கள் பத்தி உலக வங்கி 1982-ல முதல் முறையா ஒரு கொள்கை வகுத்ததுக்கு சிகோவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. ஏப்ரல் 24-ஐ இன்னைக்கும் கோர்டில்லெரா தினமா கடைப்பிடிக்கறாங்க. ராஃப்ட்ல போறப்ப ரெண்டு பக்கமும் தெரியற வயலும் ஊரும் இந்த மாதிரி மிஞ்சினதுதான்.

அதுக்காக அங்க எல்லாரும் அணைக்கு எதிரி, எல்லாம் முடிஞ்ச கதைன்னு நினைக்காதீங்க. கலிங்காவுல புதுப் புது நீர்மின் திட்டம் பத்திப் பேச்சு வந்துட்டே இருக்கு, ஊருக்குள்ளேயே ஆதரவும் எதிர்ப்பும் உண்டு. 2018-ல சீனக் கடன்ல சிகோ தண்ணியைப் பம்ப் பண்ற பாசனத் திட்டம் ஆரம்பிச்சு, 2022-ல திறந்தாங்க, அதுக்கும் ரெண்டு கருத்து. நாலு நாள் போய்ட்டு வர்ற நாம தீர்ப்பு சொல்ல வேணாம். ஆனா அந்த ஆத்தால பிழைக்கற உள்ளூர் கைடுகிட்ட நேரா புக் பண்ணலாம். மணிலா பேக்கேஜ்ல போனா நடுவுல ஒரு கமிஷன் போகும், நேரா கேட்டா உங்களுக்கும் குறையும், அவருக்கும் கூடுதலா நிக்கும்.

நாள் மிச்சம் இருந்தா டிங்லாயன் பக்கம் ஏறுங்க, தபுக்ல இருந்து ஜீப்னியில ரெண்டு மூணு மணி நேரம், ரோடு பெரும்பாலும் ஆத்தோரமாவே போகும். 2023 ஏப்ரல்ல வோக் பிலிப்பைன்ஸ் அட்டையில வந்த பச்சை குத்தற பாட்டி வாங்-ஓட் இருக்கற புஸ்கலான் கிராமம் அங்கதான். ஏடிஎம்மை நம்பி மலை ஏறாதீங்க, தபுக்லயே சில்லறையா எடுத்துக்கோங்க. வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம் பிடிப்பாங்க, அதனால சின்னச் சின்னதா எடுக்காம ஒரே தடவையா எடுங்க.

ஜீப்னியில காசை முன்னாடி உக்காந்திருக்கறவர்கிட்ட கொடுத்தா கை மாறி டிரைவர்கிட்ட போகும், மிச்சமும் அதே வழியில திரும்பி வரும். நம்ம டவுன் பஸ் மாதிரியேதான். இறங்கணும்னா சத்தமா 'பாரா' சொல்லணும். பெரியவங்களை மனோங், மனாங்னு கூப்பிடுங்க, இலோகானோல அண்ணன், அக்கா. நன்றிக்கு 'அக்யமனாக்'. மலைப்பக்கம் மதியத்துக்கு மேல வண்டி குறைஞ்சுடும், அதனால திரும்பற வண்டி எத்தனை மணிக்குன்னு ஏறும்போதே டிரைவர் மனோங்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. கேள்விகள் இருந்தா அனுப்புங்க மக்களே, அடுத்த எபிசோட்ல பாப்போம்.